லினக்ஸில் ரூட் உரிமை கேட்கும் சாளரச் செயலிகள்: எதை எப்படித் திறப்பது

டெர்மினலில் ‘சூடோ’ (கணினியில் எதையும் மாற்றக்கூடிய ‘ரூட்’ பயனரின் உரிமையில் ஒரு நிரலை ஓட்டும் கட்டளை) என்று போட்டு, அதன் பின்னால் எடிட்டரின் பெயரைத் தட்டினால் சாளரம் திறந்துவிடுகிறது. கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு மூடுகிறீர்கள். மறுநாள் காலை கணினியைத் திறந்தால், கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போடுகிறீர்கள். திரை ஒரு கணம் கறுத்துவிட்டு மறுபடியும் உள்நுழையும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் அதே கதைதான். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பெரும்பாலும் கெட்டிருப்பது ஒன்றிரண்டு கோப்புகளின் உரிமையாளர் பெயர் மட்டுமே.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழெழுத்தில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். எல்லாம் சிற்றெழுத்து, பெரிய எழுத்து வரும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை ஒட்டியவை.

உள்ளே போக முடியாமல் நிற்பவர்களுக்கு முதலில்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட விழாது. பயப்படாமல் தட்டி முடித்து எண்டர் அழுத்துங்கள். உள்ளே போனதும்:

எல்எஸ் -எல்ஏ ~

நீண்ட பட்டியல் ஓடும். அதில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: .எக்ஸ்அத்தாரிட்டி, .ஐசிஇஅத்தாரிட்டி. முதலாவதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. இரண்டாவதில் ஐ, சி, இ மூன்றும் பெரிய எழுத்து. அந்த வரிகளின் மூன்றாவது, நான்காவது பத்திகளில் உங்கள் பயனர் பெயர் இருக்க வேண்டும். அங்கே ‘ரூட் ரூட்’ என்று இருந்தால் நோய் கிடைத்துவிட்டது. மருந்து:

சூடோ சௌன் $யூசர்: ~/.எக்ஸ்அத்தாரிட்டி ~/.ஐசிஇஅத்தாரிட்டி

‘சௌன்’ என்பதன் எழுத்துகள் சி, ஹெச், ஓ, டபிள்யூ, என். ‘யூசர்’ முழுவதும் பெரிய எழுத்து. அதன் பின்னாலுள்ள முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளியை விட்டுவிடாதீர்கள், குழுவின் பெயரையும் மாற்றுவது அதுதான். இரண்டில் ஒரு கோப்பு இல்லை என்று கணினி சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

அந்த இரண்டோடு நிறுத்தாமல், வீட்டுக் கோப்புறைக்குள் ரூட் பெயரில் வேறு என்னென்ன கிடக்கின்றன என்றும் பார்த்துவிடுவது நல்லது:

சூடோ ஃபைண்ட் ~ -எக்ஸ்டெவ் -யூசர் ரூட்

இங்கே ‘யூசர்’ சிற்றெழுத்து. பட்டியலில் .கான்ஃபிக், .கேஷ் ஆகியவற்றுக்குள் ஏதாவது வந்தால் அது சாளரச் செயலியை ரூட்டாக ஓட்டியதன் மிச்சம். உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம். டாக்கர் பயன்படுத்துபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கன்டெய்னர்கள் உருவாக்கிய கோப்புறைகள் ரூட் பெயரில் இருப்பது வழக்கம். அவற்றை மாற்றினால் கன்டெய்னர் நின்றுவிடக்கூடும். பட்டியல் முழுவதும் மாற்றத்தக்கதுதான் என்று தெரிந்த பிறகே இது ($-க்குப் பின்னுள்ள யூசர் மட்டும் முழுவதும் பெரிய எழுத்து):

சூடோ ஃபைண்ட் ~ -எக்ஸ்டெவ் -யூசர் ரூட் -எக்ஸெக் சௌன் -ஹெச் $யூசர்: {} +

உரிமையாளர் பெயரெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால் ‘டிஎஃப் -ஹெச்’ போட்டு வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டு நிரம்பினாலும் இதே அறிகுறிதான் தெரியும். முடித்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 (மின்ட், சுபுண்டு போன்ற லைட்டிஎம் என்ற உள்நுழைவு நிரல் உள்ள வகையில் பெரும்பாலும் எஃப்7) அழுத்தி உள்நுழையும் பக்கத்துக்குத் திரும்பலாம்.

ஏன் இப்படி ஆகிறது

ஒவ்வொரு சாளரச் செயலியும் திறக்கும்போதே பத்து இடங்களில் எழுதுகிறது: அண்மையில் திறந்த கோப்புகள், சாளரத்தின் அளவு, எழுத்துரு விருப்பம், திரையோடு பேசுவதற்கான அனுமதிச் சீட்டு. எங்கே எழுதுவது என்பதை ‘ஹோம்’ என்ற சூழல் மாறியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பழைய உபுண்டுவில் சூடோ போட்டால் உரிமை ரூட்டுக்கு மாறும், ‘ஹோம்’ மட்டும் உங்கள் கோப்புறையையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ரூட் வந்து உங்கள் வீட்டில் எழுதிவிட்டுப் போகும். அது எழுதியதை நீங்கள் திறக்க முடியாது. உபுண்டு 19.10 முதல் இதை மாற்றி, சூடோ போட்டால் ‘ஹோம்’ ரூட்டின் வீட்டுக்குப் போகும்படி செய்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளுக்குத்தான் ‘சூடோ -ஹெச்’ (ஹெச் பெரிய எழுத்து) என்ற அறிவுரை பொருந்தும்.

ஆனால் ‘சூடோ -இ’ (இ பெரிய எழுத்து) போடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்றும் உண்டு. அந்த இ உங்கள் சூழல் மாறிகளையெல்லாம் அப்படியே ரூட்டிடம் கொடுத்துவிடும். ‘/ரன்/யூசர்/1000/’ என்ற தற்காலிக இடத்திலும் ரூட் கைவைக்கும். அதன் பிறகு ‘டிகான்ஃப்’ (செயலிகளின் விருப்பங்களைச் சேமித்து வைப்பது) எழுத முடியவில்லை என்று உங்கள் சொந்தச் செயலிகள் புலம்பத் தொடங்கும். அந்த இடம் நினைவகத்தில் இருப்பது, ஆகவே ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் சரியாகிவிடும். உபுண்டு 25.10-இல் ரஸ்ட் மொழியில் எழுதிய புதிய சூடோ வந்திருக்கிறது. அது இந்த இ-யை ஏற்பதே இல்லை. ‘-இ’ போட்டுப் பாருங்கள் என்று எங்காவது படித்தால் கடந்துபோய்விடுங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் ஒரே திரையைப் பகிரும் செயலிகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒரு செயலி இன்னொன்றின் சாளரத்தில் விசைகளைத் தட்டலாம், அங்கே தட்டப்படுவதைப் படிக்கலாம். ரூட் உரிமையோடு ஒரு கோப்பு மேலாளரைத் திறந்து வைத்திருக்கும் வரை, உங்கள் உரிமையில் ஓடும் எந்த அற்பச் செயலியும் அதன் வழியாக ரூட்டாகிவிடலாம். அதற்குப் பிறகு வந்த புதிய முறையான வேலண்டில் இந்தச் சுவர் இருக்கிறது. ஆனால் ரூட்டாக ஓடும் செயலிகள் பெரும்பாலும் எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் எக்ஸ்11 செயலிகளைக் காட்டும் பாலம்) வழியாகத்தான் திறக்கின்றன, அங்கே பழைய கதையேதான்.

ஆகவே ‘இந்தச் செயலியை ரூட்டாக எப்படி ஓட்டுவது’ என்று தொடங்காமல், ‘இந்த வேலையில் எந்தத் துண்டுக்கு ரூட் வேண்டும்’ என்று தொடங்குங்கள். அநேகமாக எப்போதும் அது மிகச் சின்னத் துண்டாக இருக்கும்.

திருத்த வேண்டியது ஒரு கோப்புதானா?

சாளரச் செயலியை ரூட்டாக ஓட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது இவ்வளவுதான்: ‘/ஈடிசி’-க்குள் ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். இதற்கென்றே இருப்பது ‘சூடோஎடிட்’. அது மூலக்கோப்பின் நகல் ஒன்றைத் தற்காலிக இடத்தில் உங்கள் பெயரில் வைக்கிறது, உங்கள் எடிட்டரை உங்கள் உரிமையிலேயே திறக்கிறது, நீங்கள் சேமித்து மூடியதும் நகலை மூலத்தின் மேல் எழுதுகிறது. எடிட்டர் ரூட்டாவதே இல்லை.

ஓர் உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். ஊரில் உபுண்டு நிறுவி சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த மடிக்கணினிகளில் மென்பொருள் இறக்கும் முகவரி இந்தியக் கிளையையே காட்டிக்கொண்டிருக்கும்: முகவரியின் தொடக்கத்தில் ‘ஐஎன்.’ என்று இருக்கும். அதை ‘எஸ்ஜி.’ என்று மாற்றினால் இங்குள்ள கிளையிலிருந்து இறங்கும். உபுண்டு 24.04-இல் அந்தக் கோப்பு:

/ஈடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி/உபுண்டு.சோர்சஸ்

அதைத் திறக்க:

சூடோ_எடிட்டர்="க்னோம்-டெக்ஸ்ட்-எடிட்டர் --ஸ்டாண்டலோன்" சூடோஎடிட் /ஈடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி/உபுண்டு.சோர்சஸ்

சமக்குறிக்கு முன்னால் உள்ள ‘சூடோ_எடிட்டர்’ முழுவதும் பெரிய எழுத்து. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. எடிட்டர் திறந்ததும் ‘யூஆர்ஐஸ்:’ என்று தொடங்கும் வரியில் ‘ஐஎன்.ஆர்கைவ்.உபுண்டு.காம்’ என்பதை ‘எஸ்ஜி.ஆர்கைவ்.உபுண்டு.காம்’ ஆக்குங்கள். ‘செக்யூரிட்டி.உபுண்டு.காம்’ என்றுள்ள வரியைத் தொடாதீர்கள். சேமித்து, சாளரத்தை மூடி, ‘சூடோ ஏபிடி அப்டேட்’ போட்டால் ஓடும் வரிகளில் ‘எஸ்ஜி’ தெரிய வேண்டும்.

இங்கே சறுக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் பலரும் சறுக்கும் இடம் அது. இன்றைய எடிட்டர்கள் பலவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தங்கள் பிரதியிடம் ‘இதையும் திற’ என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுகின்றன. சூடோஎடிட் அதைப் பார்த்து ‘வேலை முடிந்தது, மாற்றம் ஒன்றும் இல்லை’ என்று முடிவுகட்டி நகலை அழித்துவிடும். நீங்கள் பத்து நிமிடம் திருத்திச் சேமித்தது காற்றோடு போகும். எடிட்டர் சாளரம் திறந்திருக்கும்போதே டெர்மினலில் ‘அன்சேஞ்ட்’ என்ற சொல் வந்துவிட்டால் இதுதான் நடந்திருக்கிறது. எடிட்டரைக் காத்திருக்கச் சொல்லும் விசையைச் சேர்க்க வேண்டும்: க்னோம் டெக்ஸ்ட் எடிட்டருக்கு மேலே காட்டிய ‘--ஸ்டாண்டலோன்’, ஜிஎடிட்டுக்கும் விஎஸ் கோடுக்கும் ‘--வெயிட்’, கேட் எடிட்டருக்கு ‘--ப்ளாக்’. அடிக்கடி தேவைப்பட்டால், முன்னால் ‘எக்ஸ்போர்ட்’ சேர்த்து, அந்த சூடோ_எடிட்டர் பகுதியை மட்டும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பின் கடைசி வரியாக எழுதிவைத்துவிடுங்கள். பிறகு ‘சூடோஎடிட்’ என்று மட்டும் தட்டினால் போதும்.

தமிழில் தட்டுபவர்களுக்கு இந்த வழியால் இன்னொரு நன்மை. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் மூலம் தமிழ்99 அல்லது ஒலிப்பு முறையில் தட்டுகிறீர்கள் என்றால், அந்த ஐபஸ் உங்கள் பெயரில் ஓடுகிறது. ரூட்டாகத் திறந்த எடிட்டருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விசைப்பலகையை மாற்றிப் பார்ப்பீர்கள், ஆங்கிலம்தான் விழும். எழுத்துருவிலோ விசைப்பலகையிலோ கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சூடோஎடிட் வழியாகத் திறந்தால் எடிட்டர் உங்களுடையது, தமிழ் வழக்கம்போல் விழும்.

சங்கத்தின் இணையப்பக்கத்தில் தீபாவளி அறிவிப்பைத் தமிழில் போடுவது போன்ற வேலை மாதாமாதம் வருகிறது என்றால் சூடோஎடிட்டும் தேவையில்லை. அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமையை உங்களுக்கு ஒருமுறை கொடுத்துவிடுங்கள்:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் யு:$யூசர்:ஆர்டபிள்யூஎக்ஸ் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்

இதில் ‘-ஆர்’-இல் ஆர் பெரிய எழுத்து, ‘யூசர்’ முழுவதும் பெரிய எழுத்து, ‘ஆர்டபிள்யூஎக்ஸ்’-இல் கடைசி எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அந்தப் பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கு நுழையும் உரிமை தரும், சாதாரணக் கோப்புகளை இயங்கும் நிரலாக மாற்றாது. இதே கட்டளையை ‘-எம்’-க்கு முன்னால் ‘-டி’ சேர்த்து இன்னொரு முறை ஓட்டினால் இனி உருவாகும் கோப்புகளுக்கும் பொருந்தும். கட்டளை இல்லை என்று சொன்னால் ‘ஏசிஎல்’ என்ற தொகுப்பை நிறுவுங்கள்.

விஎஸ் கோடில் ரூட்டுக்குரிய கோப்பைச் சாதாரணமாகத் திறந்து சேமிக்க முயன்றால், அதுவே சூடோ வழியாக மறுபடி முயலட்டுமா என்று கேட்கும். அதற்குச் சம்மதித்தாலே போதும். முழு விஎஸ் கோடையும் ரூட்டாகத் திறக்காதீர்கள். கேட் எடிட்டரும் சேமிக்கும்போது கடவுச்சொல் கேட்டுச் சேமித்துக்கொள்ளும். சூடோ போட்டுத் திறந்தால் அது திறக்க மறுப்பது பிழையன்று. 2017-இல் அதன் ஆக்குநர்கள் வேண்டுமென்றே வைத்த தடை.

இரண்டு கோப்புகளுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. யார் சூடோ போடலாம் என்று சொல்லும் ‘சூடோயர்ஸ்’ கோப்பை எந்தச் சாளர எடிட்டரிலும் திருத்தாதீர்கள். ‘சூடோ விசூடோ’ என்பதே அதன் வழி. இலக்கணப் பிழை இருந்தால் அது சேமிக்க விடாது. ஏற்கெனவே கெடுத்துவிட்டு சூடோவே ஓடவில்லையென்றால் ‘பிகேஎக்ஸெக் விசூடோ’ போட்டுப் பாருங்கள், அது வேறு கதவு வழியாக உள்ளே போகும். இரண்டாவது, கணினி தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’. திருத்தியதும் கணினியை மறுதொடக்கம் செய்யாமல் முதலில் ‘ஃபைண்ட்மௌண்ட் --வெரிஃபை’ ஓட்டுங்கள். கட்டளையின் எழுத்துகள் எஃப், ஐ, என், டி, எம், என், டி.

கோப்புறைக்குள் மேய வேண்டுமென்றால்

நாலைந்து கோப்புகளை இடம் மாற்ற வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கோப்பு மேலாளர்தான் வசதி. க்னோமின் ‘ஃபைல்ஸ்’ செயலியில் கன்ட்ரோலும் எல்லும் அழுத்தி முகவரிப் பட்டையில் ‘அட்மின்:///ஈடிசி’ என்று தட்டுங்கள். சாய்கோடு மூன்று, இரண்டு போட்டால் திறக்காது. கடவுச்சொல் கேட்டுவிட்டு அந்தச் சாளரம் ரூட் உரிமையில் கோப்புகளைக் காட்டும். படிப்பதும் எழுதுவதும் மட்டும் பின்னணியில் ரூட்டாக நடக்கிறது. சாளரம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. வேலை செய்யவில்லையென்றால் ‘ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ்’ தொகுப்பு நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். கேடிஇ பயன்படுத்துபவர்கள் ‘கேஐஓ-அட்மின்’ தொகுப்பை நிறுவினால் டால்ஃபினில் ‘அட்மின்:/’ முகவரி கிடைக்கும். மின்டின் நீமோவில் வலச்சொடுக்கில் ரூட்டாகத் திறக்கும் வசதி முன்கூட்டியே இருக்கிறது. அது முழுச் சாளரத்தையும் ரூட்டாக்குவதால் வேலை முடிந்த கையோடு மூடிவிடுங்கள்.

சாதனம் திறக்கவில்லை என்பதற்காக ரூட் வேண்டாம்

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஆர்டுயினோ பலகையைச் செருகிவிட்டு, ‘/டெவ்/டிடிஒய்ஏசிஎம்0’-வைத் திறக்க அனுமதி இல்லை என்ற செய்தியைப் பார்த்ததும் நிரல் எழுதி ஏற்றும் செயலியான ஐடிஇ-யையே சூடோவில் ஓட்டுகிறார்கள். நிரல் ஏறிவிடும். ஆனால் அன்று சேமித்த வரைவுகள், நிறுவிய லைப்ரரிகள் எல்லாம் ரூட்டின் வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் எதையும் காணோம் என்று தேடுவார்கள். சரியான வழி ஒரே வரி:

சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட் $யூசர்

இதில் ஜி பெரிய எழுத்து, $-க்குப் பின்னுள்ள யூசர் முழுவதும் பெரிய எழுத்து. அந்த ‘ஏ’-யை விட்டுவிட்டால் நீங்கள் இருக்கும் மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் கழற்றிவிடும், சூடோ குழுவும் அதில் சேர்த்தி. பிறகு முழுவதுமாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. ‘குரூப்ஸ்’ என்று தட்டினால் டயல்அவுட் பெயர் தெரிய வேண்டும். ஆர்ச் வகையில் அந்தக் குழுவின் பெயர் ‘யூயூசிபி’.

வயர்ஷார்க்கும் இதே இனம்தான். வலையிலிருந்து பொட்டலங்களைப் பிடிப்பது ‘டம்ப்கேப்’ என்ற சின்ன நிரல். அதற்கு மட்டுமே தனி உரிமை தேவை. பிடித்ததைப் பிரித்துக் காட்டும் பெரிய பகுதி, வெளியிலிருந்து வரும் எந்தக் குப்பையையும் படித்தாக வேண்டிய பகுதி. ரூட்டாக ஓடவே கூடாதது அதுதான். ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் வயர்ஷார்க்-காமன்’ ஓட்டி, கேள்விக்கு ‘யெஸ்’ சொல்லி, மேலே சொன்னபடியே ‘வயர்ஷார்க்’ குழுவில் உங்களைச் சேர்த்து, வெளியேறி உள்ளே வாருங்கள். பள்ளி, அலுவலக வலைகளில் இதை ஓட்டும் முன் பொறுப்பில் உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சிங்கப்பூரின் 1993-ஆம் ஆண்டுக் கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒரு கணினியின் நிரலையோ தரவையோ அணுகினால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

உண்மையிலேயே முழுச் சாளரமும் ரூட்டாக வேண்டியவை

ஜிபார்டெட் (வட்டைப் பகிர்வது), சினாப்டிக் (மென்பொருள் நிறுவுவது), டைம்ஷிஃப்ட் (கணினியின் நிலையைக் காப்பாக எடுத்துவைப்பது) போன்றவை இந்த வகை. இவற்றை டெர்மினலிலிருந்து சூடோ போட்டுத் திறக்காமல் மெனுவிலிருந்தே திறங்கள். மூன்றும் கடவுச்சொல் கேட்டு, திரை அனுமதியையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் துவக்கியோடு வருகின்றன.

இந்தக் கடவுச்சொல் பெட்டிக்குப் பின்னால் இருப்பது போல்கிட். அதன் கட்டளை ‘பிகேஎக்ஸெக்’. பழைய வழிகாட்டிகளில் வரும் ‘ஜிகேசூடோ’வைத் தேடாதீர்கள், 2018-இல் டெபியனும் உபுண்டுவும் அதை நீக்கிவிட்டன. பிகேஎக்ஸெக் சூழல் மாறிகளை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டுத்தான் நிரலை ஓட்டும். ஆகவே திரை எங்கே என்று தெரியாமல் ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்ற பிழை வரும். ஒருமுறை மட்டும் தேவையென்றால்:

பிகேஎக்ஸெக் என்வ் டிஸ்ப்ளே=$டிஸ்ப்ளே எக்ஸ்அத்தாரிட்டி=$எக்ஸ்அத்தாரிட்டி நிரலின்-பெயர்

டிஸ்ப்ளே, எக்ஸ்அத்தாரிட்டி இரண்டும் இங்கே முழுப் பெரிய எழுத்து.

அடிக்கடி தேவையென்றால் அந்த நிரலுக்கென்று ஒரு போல்கிட் விதி எழுதுவது மேல். ‘/யுஎஸ்ஆர்/ஷேர்/போல்கிட்-1/ஆக்‌ஷன்ஸ்’ கோப்புறையில் ‘.பாலிசி’ என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஜிபார்டெட்டின் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, சூடோஎடிட்டில் திறந்து, ஐந்து இடங்களை மாற்றுங்கள். ‘ஆக்‌ஷன் ஐடி’ வேறெங்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், புள்ளி, இணைப்புக்கோடு மட்டும். ‘எக்ஸெக்.பாத்’ என்று முடியும் குறிப்பில் நிரலின் முழு முகவரி. ‘எக்ஸெக்.அலவ்_ஜியுஐ’ என்று முடியும் குறிப்பில் ‘ட்ரூ’. திரை அனுமதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். ‘அலவ்_ஆக்டிவ்’ என்பதில் ‘ஆத்_அட்மின்’. அதையே ‘ஆத்_அட்மின்_கீப்’ என்று போட்டால் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. ‘யெஸ்’ என்று மட்டும் போடாதீர்கள், கடவுச்சொல்லே கேட்காமல் யாரையும் உள்ளே விட்டுவிடும். ஐந்தாவது ‘மெசேஜ்’ வரி: பெட்டியில் தெரியும் வாசகம். அதன் பக்கத்தில் ‘எக்ஸ்எம்எல்:லேங்="டிஏ"’ என்று குறித்து இன்னொரு மெசேஜ் வரியில் தமிழிலேயே எழுதலாம். கணினியின் மொழி தமிழாக இருந்தால் ‘வட்டின் பகிர்வுகளை மாற்றப் போகிறீர்கள், கடவுச்சொல் தேவை’ என்று தமிழில் வந்து நிற்கும். வீட்டில் அம்மா அப்பாவுக்கு அமைத்துக் கொடுக்கும் கணினியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எதற்குக் கடவுச்சொல் கேட்கிறது என்று புரிந்து போடுவதற்கும், கேட்டதெல்லாம் போடுவதற்கும் வேறுபாடு பெரியது.

மெனுவில் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை, டெர்மினலில் மட்டும் எழுத்து வடிவில் கடவுச்சொல் கேட்கிறது என்றால் கடவுச்சொல் பெட்டியைக் காட்டும் போல்கிட் முகவர் நிரல் ஓடவில்லை என்று பொருள். ஐ3, ஸ்வே போன்ற எளிய சூழல்களில் இது வழக்கம். ‘எல்எக்ஸ்போல்கிட்’ அல்லது ‘மேட்-போல்கிட்’ நிறுவி, உள்நுழையும்போதே தொடங்கும்படி அமையுங்கள்.

யாரோ கொடுத்த பழைய மடிக்கணினியில் இதையெல்லாம் செய்வதற்கு முன் முழுப் புதுப்பிப்பு ஒன்று ஓட்டிவிடுங்கள். 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ப்வ்ன்கிட்’ ஓட்டை பிகேஎக்ஸெக்கில்தான் இருந்தது. 2009-இல் அந்த நிரல் பிறந்ததிலிருந்தே இருந்த ஓட்டை; கடவுச்சொல் இல்லாமலே எந்தப் பயனரும் ரூட்டாக முடிந்தது.

வேலண்டில் பிடிவாதம் பிடித்தால்

‘நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைடு’ என்ற செய்தி, திரை ரூட்டை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதைக் காட்டுகிறது. க்னோமில் 3.34 பதிப்பிலிருந்து (2019) எக்ஸ்வேலண்ட் வழியாகச் சூடோ செயலிகள் திறக்க வழி செய்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளிலும் வேறு சில சூழல்களிலும் இது தேவைப்படும்:

எக்ஸ்ஹோஸ்ட் +எஸ்ஐ:லோக்கல்யூசர்:ரூட்

இதைச் சூடோ இல்லாமல் ஓட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டு அதே வரியை ஓட்டி அனுமதியைத் திரும்பப் பெறுங்கள். ‘எக்ஸ்ஹோஸ்ட்’ என்று மட்டும் தட்டினால் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று காட்டும். வெறும் ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ போடச் சொல்பவர்களும் உண்டு. அது ரூட்டுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் திரையைத் திறந்துவிடும்.

உலாவிகளை இப்படி எதையும் செய்து ரூட்டாக ஓட்டாதீர்கள். குரோம் ‘--நோ-சேண்ட்பாக்ஸ்’ இல்லாமல் திறக்கவே மறுக்கும், ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் வீட்டுக் கோப்புறையைப் பார்த்து மறுக்கும். இரண்டும் மறுப்பது நியாயம்.

தொலைவிலுள்ள கணினியில்

தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்ஹெச் -எக்ஸ்’ (எக்ஸ் பெரிய எழுத்து) வழியாகப் போய் அங்கே ஒரு சாளரச் செயலியை ரூட்டாகத் திறந்தால், எக்ஸ்ஹோஸ்ட் உதவாது. அனுமதிச் சீட்டு நேராக வேண்டும்:

சூடோ எக்ஸ்அத்தாரிட்டி=$ஹோம்/.எக்ஸ்அத்தாரிட்டி நிரலின்-பெயர்

சமக்குறிக்கு முன்னுள்ளதும் ‘ஹோம்’-உம் முழுப் பெரிய எழுத்து. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள கோப்பின் பெயரில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அலுவலகங்களில் வீட்டுக் கோப்புறை என்எஃப்எஸ் (கோப்புகளை வலை வழியாகப் பகிரும் முறை) வழியாக வந்தால் இதுவும் தோற்கும். அந்த வகைச் சேவையகம் வழக்கமாக ரூட்டை அந்நியனாகவே நடத்தும், உங்கள் சீட்டைப் படிக்க விடாது. அப்போது ‘எக்ஸ்ஆத் லிஸ்ட் $டிஸ்ப்ளே’ (டிஸ்ப்ளே முழுப் பெரிய எழுத்து) என்று சூடோ இல்லாமல் தட்டுங்கள். ஒரு வரி வரும். அந்த வரியை நகலெடுத்து, ‘சூடோ எக்ஸ்ஆத் ஆட்’ என்பதற்குப் பின்னால் அப்படியே ஒட்டி எண்டர் அழுத்தினால், சீட்டு ரூட்டின் சொந்தக் கோப்பிலேயே பதிந்துவிடும். அதன் பிறகு சாதாரணச் சூடோவிலேயே சாளரம் திறக்கும். எஸ்எஸ்ஹெச் இணைப்பை முடித்துக்கொண்டால் அந்தச் சீட்டு காலாவதியாகும். அடுத்த முறை புதிதாக ஒட்ட வேண்டும்.